பச்சையால் கெட்ட பைன்ஹர்ஸ்ட்

கோல்ஃப் மைதானங்களுக்கும் ரேங்க் உண்டு! அமெரிக்காவின் கோல்ஃப் டைஜஸ்ட் பத்திரிகை 1966-ல் ஒரு பட்டியல் போட்டது. நாட்டின் மிகக் கடினமான 200 மைதானங்கள். சிறந்தவை அல்ல, கடினமானவை! 'சிறந்த' என்ற சொல் பின்னால்தான் வந்தது. அளவுகோல் மாறினால் அதே மைதானம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த டொனால்ட் ராஸ் அமைத்து 1907-ல் திறந்தது. மூன்றாவது கிரீன் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, 1948-ல் இறக்கும் வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார் மனிதர். கிரீன்கள் கவிழ்த்த சட்டி மாதிரி. பந்து விளிம்பில் விழுந்தால் உருண்டு வெளியே போய்விடும். அகலமான ஃபேர்வே, இருபக்கமும் வெறும் மணல், அங்கங்கே காட்டுப்புல் கொத்துகள்.

அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு மணல் பிடிக்கவில்லை. டிவியில் அகஸ்டாவின் பச்சையைப் பார்த்துப் பழகிய காலம் அது. தண்ணீர் ஊற்றிப் புல் வளர்த்தார்கள், ஃபேர்வேயைக் குறுக்கினார்கள். கடினத்துக்குக் குறைவில்லை. 1999 யு.எஸ். ஓபனில் பார் கணக்குக்குக் கீழே முடித்தவர் பெய்ன் ஸ்டூவர்ட் ஒருவர்தான். 2005-ல் அப்படி ஒருவர்கூட இல்லை. ஆனாலும் பட்டியல்களில் அதன் இடம் மெல்ல இறங்கியது. மற்ற மைதானங்களைப் போலவே ஆகிவிட்டால் தனி மதிப்பு எங்கிருந்து வரும்?

2010-ல் பில் கூரும் பென் கிரென்ஷாவும் 1943-ல் விமானத்திலிருந்து எடுத்த பழைய போட்டோவை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். சுமார் 35 ஏக்கர் புல்லை உரித்தெடுத்தார்கள். 1,100-க்கும் மேல் இருந்த தண்ணீர் தெளிப்பான்கள் 450 ஆயின. கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை: சொத்தைக் குறைத்து நற்பெயரைக் கூட்டியிருக்கிறார்கள்!

உடனே எல்லாரும் கைதட்டிவிடவில்லை. 2014 யு.எஸ். ஓபனை டிவியில் பார்த்த பலர், காய்ந்து கிடக்கிறதே என்று முகம் சுளித்தார்கள். டொனால்ட் டிரம்ப்கூட ட்விட்டரில் திட்டினார். மார்ட்டின் கைமர் 9 அடி குறைவாக அடித்து ஜெயித்ததால், சுலபமாகிவிட்டது என்றும் பேச்சு. உண்மையில் பாருக்குக் கீழே முடித்தவர்கள் மொத்தமே மூன்று பேர்.

அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2020-ல் யு.எஸ். ஓபனின் முதல் நிரந்தரத் தளமாக இதைத்தான் அறிவித்தது. 2024-க்குப் பிறகு 2029, 2035, 2041, 2047 என்று நான்கு போட்டிகளுக்கு அப்போதே தேதி குறித்தாகிவிட்டது.