சிறிய விமானப் படைக்கு எந்தச் சரக்கு விமானம்?

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையை வெள்ளம் சூழ்ந்தபோது, வான்வழிப் போக்குவரத்தின் பாரத்தைத் தாங்கியது அன்றைய வேலூர் மாவட்டத்தின் அரக்கோணம். அங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தின் நீண்ட ஓடுபாதையில் விமானப் படையின் பெரிய சரக்கு விமானங்கள் மீட்புப் படையினரையும் நிவாரணப் பொருள்களையும் கொண்டுவந்து இறக்கின. பயணிகள் விமானங்கள் சிலவும் அங்கிருந்தே புறப்பட்டன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தின் தோல் தொழிலையே உதாரணமாக வைத்துப் பல்லாண்டுகள் பொருளியல் நடத்திய எனக்கு அப்போது ஒரு கேள்வி எழுந்தது. பெரிய நாட்டுக்குப் பல வகை விமானங்கள் இருக்கின்றன. ஒரு சிறிய நாடு இத்தகைய பேரிடரில் என்ன செய்யும்?

அதற்கான விடை 2025 நவம்பர் இறுதியில் பாக் நீரிணைக்கு அப்பால் தெரிந்தது. டித்வா புயல் இலங்கையைச் சிதைத்தது. வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மலையகத்தின் சாலைகள் பல துண்டிக்கப்பட்டன. இந்தியா 'சாகர் பந்து' என்ற பெயரில் உதவி நடவடிக்கையைத் தொடங்கி, சி-130ஜே, ஐ.எல்.-76 விமானங்களில் நிவாரணப் பொருள்களையும் மீட்புக் குழுவினரையும் கொழும்புக்கு அனுப்பியது. அண்டை நாட்டின் உதவி மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், அடுத்த பேரிடருக்குள் தன் சரக்கு விமானங்களுக்கு மாற்றைத் தேட வேண்டிய நிலையில் இலங்கை விமானப் படை இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற வினா, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்த ஒரு நாட்டுக்கு எளிய வினா அன்று.

இலங்கையின் சரக்கு விமான வரலாறு கசப்பான ஒன்று. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்கான தரைவழி அடைபட்டிருந்தபோது, பலாலி ஓடுபாதையே படையினரின் உயிர்நாடி. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரு நாள்களில் இரண்டு ஆவ்ரோ விமானங்கள் அடுத்தடுத்து சுட்டு வீழ்த்தப்பட்டன. அவற்றில் இருந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். அதே ஆண்டில் சீனத் தயாரிப்பான ஒய்-8, உக்ரைன் வடிவமைப்பான ஏ.என்.-32 விமானங்களும் இழக்கப்பட்டன. பின்னர் பிரிட்டன் விமானப் படை பயன்படுத்தி முடித்த இரண்டு சி-130 விமானங்கள் வாங்கப்பட்டன. அவை 1960-களில் கட்டப்பட்டவை. இவற்றோடு சீனாவின் ஒய்-12, எம்.ஏ.60 ஆகியவையும் சேர்ந்தன. நெருக்கடி வந்தபோதெல்லாம் கிடைத்ததை வாங்கியதன் விளைவு, எண்ணிக்கையில் சிறிய படையிடம் வகையில் மிகுந்த விமானங்கள்.

விமானத் தேர்வு என்றாலே அட்டவணை ஒப்பீடுதான் முதலில் வரும். ஐரோப்பாவின் சி-295 ஏறத்தாழ 9 டன் சுமக்கும்; இத்தாலியின் சி-27ஜே அதைவிடச் சற்று அதிகம்; அமெரிக்காவின் சி-130ஜே 20 டன்னுக்கு நெருக்கமாக; பிரேசிலின் சி-390 ஜெட் விமானம் 26 டன். இப்படி அடுக்கினால் பெரியதே சிறந்தது என்று தோன்றும். ஆனால், தேவை எது என்பதை நாட்டின் புவியியல்தான் சொல்ல வேண்டும். இலங்கையின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீட்டர். இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஒரு மணி நேரப் பயணம். கண்டம் தாண்டும் வீச்சு அங்கு அன்றாடத் தேவை அன்று. குறுகிய ஓடுபாதையில் இறங்கி, பின்கதவைத் திறந்து, பொருளை இறக்கிவிட்டு, அன்றே மூன்று, நான்கு முறை மீண்டும் வரக்கூடிய விமானமே தேவை.

பெரிய விமானம் இடையூறாகவும் ஆகலாம் என்பதை நேபாளம் காட்டியது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பின் உலகெங்கிலும் இருந்து கனரக விமானங்கள் காத்மாண்டுவின் ஒரே ஓடுபாதையில் வந்து குவிந்தன. ஓடுபாதை சேதமடையவே, மே 3 அன்று பெரிய விமானங்களுக்குத் தடை விதிக்க நேர்ந்தது. உதவி வானில் இருக்க, தேவை தரையில் காத்திருந்தது.

அதே நேரத்தில், எடையை மட்டும் பார்ப்பதும் தவறு. கூடாரம், மருந்துப் பெட்டி, தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவி போன்ற நிவாரணப் பொருள்கள் எடையைவிட இடத்தையே அதிகம் கேட்கும். சி-130 விமானத்தின் சரக்கு அறை ஏறத்தாழ 2.7 மீட்டர் உயரம். ஒரு லாரியே உள்ளே போகலாம். சி-295-இன் அறை உயரம் 1.9 மீட்டர்தான், உயரமான வாகனம் எதுவும் ஏறாது. மருத்துவ ஊர்தியையோ மண் அள்ளும் இயந்திரத்தையோ வானில் கொண்டு செல்லும் தேவை ஆண்டுக்கு எத்தனை முறை வரும் என்பதை வாங்கும் முன்பே கணக்கிட்டாக வேண்டும்.

இனி, மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் போட்டுக் காட்டக்கூடிய ஒரு கணக்கு. ஒரு விமானம் குறிப்பிட்ட நாளில் பறக்கத் தயாராக இருக்கும் வாய்ப்பு 60 விழுக்காடு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரே விமானம் இருந்தால், பேரிடர் நாளில் அது பறக்கும் வாய்ப்பும் 60 விழுக்காடுதான். இரண்டு இருந்தால் ஒன்றேனும் பறக்கும் வாய்ப்பு 84; நான்கு இருந்தால் 97. இப்போது, நான்கு வாங்காமல் இரண்டையே வைத்துக்கொண்டு, உதிரி பாகங்களுக்கும் தொழில்நுட்பர் பயிற்சிக்கும் செலவழித்து ஒவ்வொன்றின் ஆயத்தநிலையையும் 80 விழுக்காட்டுக்கு உயர்த்தினால், ஒன்றேனும் பறக்கும் வாய்ப்பு 96 விழுக்காடாகிறது. அதாவது, இரண்டு புதிய விமானங்களின் வேலையை நல்ல பராமரிப்பு ஏறத்தாழச் செய்துவிடுகிறது. பறக்கும் விமானங்களின் எண்ணிக்கையில் நான்குக்கு இரண்டு ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும், பணம் குறைவாக உள்ளவன் முதலில் எங்கே செலவழிக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது.

எங்கள் பகுதித் தோல் தொழிலில் இதைக் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். என்னிடம் படித்த ஒருவர், தோலைச் சீராகச் சீவும் வெளிநாட்டு இயந்திரம் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று பெருமையாகச் சொன்னார். இரண்டாம் ஆண்டில் ஒரு பாகம் உடைந்தது. அதைச் செய்த நிறுவனமோ அந்த வகையைக் கைவிட்டிருந்தது. ஏற்றுமதிக்கான கெடு நெருங்க, இயந்திரம் மூலையில் கிடந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் கூலிக்குச் சீவி வாங்கியே அவர் கெடுவைக் காப்பாற்றினார். பேரிடரில் சிக்கிய நாட்டுக்கு அப்படி ஒரு பக்கத்துத் தொழிற்சாலை எப்போதும் இருக்குமா?

பாகம் கிடைப்பது பணத்தை மட்டும் பொறுத்ததன்று; அரசியலையும் பொறுத்தது. இந்தியா தன் நூற்றுக்கும் மேற்பட்ட ஏ.என்.-32 விமானங்களைப் புதுப்பிக்க 2009-இல் உக்ரைனுடன் ஒப்பந்தம் செய்தது. 40 விமானங்கள் உக்ரைனிலும் எஞ்சியவை கான்பூரிலும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. 2014-இல் கிரைமியா பிரச்னை வெடித்ததும் பாகங்கள் வருவது தடைப்பட்டு, கான்பூர்ப் பணி தாமதமானது. இந்தியா போன்ற பெரிய நாடே தடுமாறிய இடத்தில், அதே வகையில் சில விமானங்களை மட்டும் வைத்திருக்கும் நாட்டின் குரல் எங்கே எடுபடும்? அந்த வகை விமானம் ஒன்று 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டு 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்ததைத் தமிழகம் மறக்கவில்லை. சிதைவுகள் கடலடியில் அடையாளம் காணப்பட்ட செய்தி வந்தது 2024 ஜனவரியில்தான். சரக்கு விமானம் என்று சொன்னாலும், அதில் செல்பவர்கள் மனிதர்கள்.

அடுத்தது, அன்பளிப்பு. 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா' என்பார்கள். விமானப் படைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்டில் இந்தியா கடல் கண்காணிப்புக்காக டோர்னியர் விமானத்தை இலங்கைக்கு வழங்கியது. 2024 அக்டோபரில் அமெரிக்கா கிங் ஏர் விமானம் ஒன்றை வழங்கியது. இரண்டும் பயனுள்ளவை; கொடுத்தோர் நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், இரண்டின் எஞ்சின்களும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொரு புதிய வகைக்கும் தனித்தனி உதிரி பாகக் கிடங்கு, தனிப் பயிற்சி, தனிக் கையேடு, தனிச் சான்றிதழ் வேண்டும். இரண்டு விமானம் வைத்திருந்தாலும் இருபது வைத்திருந்தாலும் இந்த நிலைச் செலவில் பெரிய பகுதி மாறாது. சிறிய படையை முடக்குவது இந்த நிலைச் செலவே.

இந்தக் கோணத்தில் பார்த்தால் சி-295 போன்ற நடுத்தர விமானத்துக்குச் சாதகமான இரு செய்திகள் உள்ளன. ஒன்று, அதன் எஞ்சின். யாழ்ப்பாணத்துக்குப் பறந்த ஏ.டி.ஆர்.-72 பயணிகள் விமானத்திலும், இலங்கை விமானப் படையே வாங்கிய எம்.ஏ.60 விமானத்திலும் உள்ள எஞ்சினின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது அது. பயணிகள் விமானச் சந்தையில் புழங்கும் எஞ்சினுக்குப் பாகமும் கிடைக்கும். பழுது நீக்கத் தெரிந்த கைகளும் கிடைக்கும். மற்றொன்று, அண்டை நாடு. 2021 செப்டம்பரில் இந்தியா 56 சி-295 விமானங்களுக்கு ஏறத்தாழ ரூ.21,935 கோடிக்கு ஒப்பந்தமிட்டது. அவற்றுள் 16 ஸ்பெயினிலிருந்து வந்தவை. 40 விமானங்கள் வதோதராவில் கட்டப்பட வேண்டியவை. அங்குள்ள ஆலை 2024 அக்டோபர் 28 அன்று திறந்துவைக்கப்பட்டது. கூப்பிடு தூரத்தில் ஓர் ஆலை இருப்பது, எந்த விலைத் தள்ளுபடியையும்விடப் பெரிது.

அந்த ஒப்பந்தத் தொகையை 56-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ ரூ.392 கோடி வருகிறது. விமானத்தின் விலை இதுதான் என்று எண்ணிவிடக் கூடாது. இத்தகைய ஒப்பந்தங்களில் பயிற்சி, பாகங்கள், பராமரிப்பு வசதிகளும் அடங்கும். நியூசிலாந்து 2020-இல் ஐந்து சி-130ஜே விமானங்களுக்கு ஒதுக்கிய 152.1 கோடி நியூசிலாந்து டாலரில் பயிற்சிக்கான பாவனைக் கருவியும் கட்டமைப்பும் சேர்ந்தே இருந்தன. 1965 முதல் பறந்த பழைய ஐந்து விமானங்களுக்குப் பதிலாக அதே குடும்பத்தின் புதிய ஐந்தை அந்நாடு வாங்கியது. சிறிய படை எப்படி வாங்க வேண்டும் என்பதற்கு அது நல்ல பாடம்: ஒரே வகை, முழுத் தொகுப்பு, அரை நூற்றாண்டுப் பார்வை.

அப்படியானால், கனரகச் சுமையை யார் தூக்குவது? இங்கும் எங்கள் ஊரிலேயே ஒரு விடை உண்டு. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பாலாற்றைக் கெடுத்துவந்த தோல் தொழிற்சாலைகளைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குக் கட்டாயப்படுத்தியது. சிறிய தொழிற்சாலைகளால் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாது. எனவே, பல சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பங்கு கொண்டன. இதே தத்துவத்தில்தான் ஹங்கேரியின் பாபா தளத்தில் 12 நாடுகள் கூட்டாக மூன்று சி-17 விமானங்களை இயக்குகின்றன. விமானத்தின் பெரும்பங்கை ஒரு நாடு சுமப்பதில்லை. ஒவ்வொரு நாடும் பறக்கும் மணிநேரத்தில் பங்கு வாங்குகிறது.

பொது நிலையத்தில் தொல்லைகளும் உண்டு என்பதை நாங்கள் அறிவோம். யார் எவ்வளவு கழிவு விட்டார், யார் எவ்வளவு பணம் கட்டவில்லை என்ற சச்சரவு ஓய்வதில்லை. கூட்டு விமானத்திலும் அதே சிக்கல் வரும். வங்கக் கடலில் உருவாகும் புயல் இலங்கையையும் தமிழகத்தையும் ஒரே வாரத்தில் தாக்கக்கூடியது. அன்று விமானம் முதலில் எங்கே செல்லும்? இறையாண்மை குறித்த இலங்கையின் தயக்கத்தையும் அலட்சியம் செய்ய இயலாது. ஆகவே, முதல் 48 மணி நேரத்துக்கான திறனைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்ட கனச் சுமைக்கு மட்டும் எழுத்துப்பூர்வமான கூட்டு ஏற்பாட்டை நாடுவதே அறிவுடைமை.

ஒரே வகையை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. ஒரு வகையில் வடிவமைப்புக் குறை தெரிந்தால் அனைத்தும் ஒருசேரத் தரையில் நிற்கும். எனவே, நடுத்தர வகை ஒன்று, சிறிய வகை ஒன்று என இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். நடுத்தர வகையில் குறைந்தது மூன்று வேண்டும்: ஒன்று பறக்க, ஒன்று பழுது பார்க்க, ஒன்று காத்திருக்க. ஒப்பந்தத்திலேயே பத்தாண்டுக்கான பாகங்கள் இடம்பெற வேண்டும். அதற்கான அந்நியச் செலாவணி, நிதி நெருக்கடியிலும் தொடப்படாத தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அன்பளிப்பு விமானம் வந்தாலும் இதே நிபந்தனையைக் கேட்க வேண்டும்.

யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதையாக ஆகிவிடக் கூடாது. மலையகத்தில் சாலை துண்டிக்கப்பட்ட தோட்டக் குடியிருப்பில் காத்திருக்கும் தாய்க்கு, அந்த விமானத்தின் பெயரும் தெரியாது, அது எத்தனை டன் சுமக்கும் என்பதும் தெரியாது. மருந்து அன்று வந்ததா, இல்லையா என்பது மட்டுமே தெரியும். வாங்குவோரும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).