காரீயம் தரும் பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இலங்கைக் காரீயம் கப்பலேறிப் பிறநாடு சென்றது. கனியம் இத்தீவினது, அதனாற் பெருகிய கைத்தொழிலோ அயலாரது.

2004 இல் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் கைம், நொவொசெலொவ் ஆகியோர் காரீயத்திலிருந்து ஓரணுத் தடிப்புள்ள படலத்தை ஒட்டுநாடாவாற் பிரித்தெடுத்தனர். அதுவே கிராபீன். 2009 இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர், ஏறத்தாழ 1,000 பாகை செல்சியசுக்குச் சூடேற்றிய செப்புத்தகட்டின்மீது மீதேன் வாயுவைச் செலுத்தி அகன்ற படலங்களை வளர்த்தனர். இம்முறைக்குக் காரீயமே வேண்டியதில்லை. வாயுவிலுள்ள காபனே போதும். ஆகவே, கனியவளத்தினும் ஆய்வறிவே பெரிதாயிற்று.

1996 இல் பல்கலைக்கழக நிலையெய்திய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம், கல்முனையை அடுத்த சம்மாந்துறையில் அமைந்துள்ளது. படலங்களை வளர்க்கும் கலாநிதிப்பட்ட ஆய்வு அங்கு வேரூன்றுமாயின், காரீயத்தைக் கப்பலேற்றிய வரலாறு அறிவை விளைவிக்கும் வரலாறாக மாறும்.