பாதி வீடு, பாதி வாடகை

இங்கிலாந்தில் சொந்த வீடு வாங்க ஆசை; கையில் முன்பணமோ குறைவு. என்ன செய்வது? 1975இல் பர்மிங்காம் மாநகராட்சி ஒரு வழி காட்டியது. வீட்டில் பாதியை விலைக்கு வாங்குங்கள், மீதிப் பாதிக்கு வாடகை கட்டுங்கள்! 1980ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பங்குமுறை நாடெங்கும் பரவியது.

கணக்கு எளிது. 2,00,000 பவுண்டு வீட்டில் கால் பங்கு 50,000. அதற்கு 10% முன்பணம் என்றால் 5,000 போதும். வசதி வரும்போது மேலும் பங்கு வாங்கலாம்.

இனிதான் சிக்கல். பங்கு கால்தான், பழுதுச் செலவு மட்டும் முழுக்க வாங்கியவர் தலையில்!

அதைவிடப் பெரிய அடி 2007இல் விழுந்தது. பாதி வீடு வாங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு வாடகை பாக்கி சேர்ந்துவிட்டது. சட்டத்தின் பார்வையில் அவர் வாடகைதாரர்தான் என்று பர்மிங்காமில் தீர்ப்பானது. வீடு போயிற்று. போட்ட பணத்தைத் திரும்பக் கேட்கவும் உரிமை இல்லை.

2021இல் புதிய விதிகள் வந்தன. புது வீடுகளில் 10% பங்கு கூட வாங்கலாம். முதல் 10 ஆண்டுகளுக்கு முக்கியப் பழுதுகளுக்கு உதவியும் உண்டு.

முன்பணம் குறையட்டும், நல்லதுதான். ஒப்பந்தத்தைப் படிக்கும் நேரம் மட்டும் குறையக் கூடாது!