16 பைட் ஒப்பந்தம்

கணினி நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. 4 பைட் நீளமுள்ள எண்ணை 4ஆல் வகுபடும் முகவரியிலும், 8 பைட் எண்ணை 8ஆல் வகுபடும் முகவரியிலும் தொடங்கி வைப்பதற்கு அலைன்மென்ட் என்று பெயர். நான்கு ஃப்ளோட் எண்களை ஒன்றாகக் கட்டி ஒரே கட்டளையில் கூட்டவும் பெருக்கவும் உதவும் வெக்டர் வகையின் நீளம் 16 பைட். அது 16ஆல் வகுபடும் முகவரியில்தான் தொடங்க வேண்டும் என்பது கால் நூற்றாண்டாக இருந்துவரும் வழக்கம். இதன் வரலாற்றைப் பொதுவாகச் சுருக்கிச் சொல்லிவிடுவார்கள்: ப்ராசஸர் அப்படிக் கேட்டது, கம்பைலர் கீழ்ப்படிந்தது, பிறகு ப்ராசஸர் முன்னேறியது, சிக்கல் தீர்ந்தது. இது பாதி உண்மைதான். வன்பொருளின் தேவை இந்தக் கதையைத் தொடங்கி வைத்தது. அதைத் தொடர்ந்து நடத்திவருவதோ, தனித்தனியாகக் கம்பைல் செய்யப்பட்ட நிரல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம். வன்பொருளின் தேவை பத்தாண்டுகளுக்குள் தளர்ந்துவிட்டது; ஒப்பந்தம் இன்றும் தளரவில்லை. அதனால்தான் ஒரு வெக்டர் வகைக்கு நினைவக அமைப்பை முடிவு செய்பவர், இன்றைய சில்லுவின் வேகத்தை மட்டும் பார்க்காமல், நெடுங்காலம் நிற்கப்போகும் ஒரு வாக்குறுதியைத் தருகிறோம் என்று எண்ணிச் செய்ய வேண்டும்.

வெக்டர்கள் வருவதற்கு முன்பே இந்தப் பாடத்தின் முதல் பதிப்பு அரங்கேறிவிட்டது. 1964 ஏப்ரலில் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360, 8 பிட் பைட்டை முகவரியின் அடிப்படை அலகாக நிலைநிறுத்தியது. அதே வேளையில் 2, 4, 8 பைட் எண்கள் தங்கள் தங்கள் எல்லையில் தொடங்கியாக வேண்டும் என்றும் விதித்தது. மீறினால் நிரல் நின்றுவிடும். 1970இல் வந்த சிஸ்டம்/370 பெரும்பாலான கட்டளைகளுக்கு இந்த விதியைத் தளர்த்தியது. மொழிகளோ ஆளுக்கொரு வழியைப் பிடித்தன. கோபாலில், எல்லையில் வை என்று நிரலர் வெளிப்படையாகக் கேட்டால் கம்பைலர் இடையே நிரப்பு பைட்டுகளைச் சேர்த்தது. ஃபோர்ட்ரானின் காமன் பகுதியில் மாறிகள் அறிவித்த வரிசையில் அடுத்தடுத்து நிற்க வேண்டியிருந்ததால், 8 பைட் எண்களை முதலில் எழுதும் பழக்கம் நிரலர்களிடம் வேரூன்றியது. சி மொழி ஸ்ட்ரக்ட் உறுப்புகளின் வரிசையை மாற்றக்கூடாது என்று கட்டுப்படுத்திவிட்டு, இடையில் எத்தனை நிரப்பு பைட்டுகள் வரும் என்பதைக் கம்பைலரின் பொறுப்பில் விட்டது. ஒரு தரவின் வடிவத்தை முடிவு செய்வது யார் என்ற கேள்விக்கு மூன்று மொழிகள் மூன்று விடைகளைத் தந்தன. வெக்டர் யுகம் பெற்றுக்கொண்டது சி மொழியின் விடையை: முடிவு கம்பைலருடையது, அதன் விளைவு எல்லோருக்கும்.

வெக்டர் கணக்கீட்டுக்கும் அலைன்மென்ட் தொல்லைக்கும் பிறவியிலேயே தொடர்பு இல்லை என்பதற்கு க்ரே-1 சாட்சி. 1976இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்துக்குச் சென்ற அந்த இயந்திரத்தில் 8 வெக்டர் ரெஜிஸ்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 64 பிட் எண்கள் 64. ஆனால் அதன் நினைவக முகவரி பைட்டுக்கு அல்ல, 64 பிட் சொல்லுக்கு. எந்தச் சொல்லிலிருந்தும் தொடங்கலாம். எத்தனை சொல்லுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்ற இடைவெளியையும் சொல்லலாம். அங்கே கம்பைலரும் நிரலரும் கவலைப்பட்டது நினைவக வங்கிகளைப் பற்றி. இடைவெளி வங்கிகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போனால் எல்லாக் கோரிக்கைகளும் ஒரே வங்கியில் வந்து முட்டும். அதைவிட முக்கியமாக, நிரல்மொழியில் வெக்டர் என்று ஒரு வகையே இல்லை. நிரலர் ஃபோர்ட்ரானில் சாதாரண அணிகளையும் லூப்களையும் எழுதினார். அவற்றைக் கம்பைலர் வெக்டர் கட்டளைகளாக்கியது. தரவின் வடிவம் ஒன்று, கணக்கின் வடிவம் வேறொன்று. இரண்டும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தவில்லை. பைட் முகவரி, நீளம் குறைந்த நிலையான ரெஜிஸ்டர், அந்த ரெஜிஸ்டரையே உரித்துவைத்த ஒரு மொழி வகை ஆகிய மூன்றும் 1990களில் ஒன்றுசேர்ந்தபோதுதான் சிக்கல் பிறந்தது.

1999 அந்தத் திருப்பத்தின் ஆண்டு. இன்டெல்லின் பென்டியம் III, எஸ்எஸ்இ கட்டளைகளோடு 128 பிட் ரெஜிஸ்டர்களைக் கொண்டுவந்தது. அதில் நினைவகத்திலிருந்து எடுக்க இரண்டு கட்டளைகள்: மூவாப்ஸ் வேகமானது, ஆனால் முகவரி 16ஆல் வகுபடாவிட்டால் நிரலை நிறுத்திவிடும், மூவப்ஸ் எந்த முகவரியையும் ஏற்கும், ஆனால் அன்று மெதுவானது. அதே ஆண்டு ஆப்பிளின் ஜி4 கணினிகளில் வந்த ஆல்டிவெக் வேறு வழியில் சென்றது. அதன் எல்விஎக்ஸ் கட்டளை முகவரியின் கடைசி 4 பிட்டுகளைப் புறக்கணித்தது. தவறான முகவரி தந்தால் நிரல் நிற்காது, சத்தமில்லாமல் வேறு தரவு வந்து சேரும். கம்பைலர் எழுதுபவர்கள் இதற்குத் திறமையான விடைகளைக் கண்டார்கள். அடுத்தடுத்த இரண்டு 16 பைட் கட்டங்களை எடுத்து, வரிசைமாற்றுக் கட்டளையால் வேண்டிய பகுதியைப் பொருத்துவது ஒன்று. லூப்பின் முதல் சில சுற்றுகளைத் தனியாக ஓட்டி, முகவரி எல்லைக்கு வந்தபின் வெக்டருக்கு மாறுவது மற்றொன்று. ஐபிஎம்மின் ஐக்கன்பெர்கர், வூ, ஓ'பிரையன் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, அலைன்மென்ட் கட்டுப்பாடுள்ள இயந்திரங்களுக்கு லூப்களை வெக்டராக்குவதை முறைப்படுத்தியது; 2005இல் ஜிசிசி கம்பைலரின் 4.0 பதிப்பு தானியங்கி வெக்டராக்கலோடு வெளிவந்தது. ஒரு ஃபங்ஷனின் எல்லைக்குள் கம்பைலரால் தீர்க்க முடியாத அலைன்மென்ட் சிக்கல் அநேகமாக இல்லை என்பதை இந்த உழைப்பு காட்டியது. அந்த எல்லையைத் தாண்டும் தரவுக்குத்தான் கம்பைலரின் திறமை போதாது. அங்கே மற்றவர்களின் சம்மதம் வேண்டும்.

ஃபங்ஷன்கள் தங்கள் மாறிகளை வைக்கும் நினைவகப் பகுதியான ஸ்டாக்கின் வரலாறு இதைத் தெளிவாக்குகிறது. 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான யுனிக்ஸ் பைனரி ஒப்பந்தம், ஸ்டாக் 4 பைட் எல்லையில் இருந்தால் போதும் என்றது; அது எழுதப்பட்ட காலத்தில் 16 பைட் வகை என்ற ஒன்றே இல்லை. ஒரு ஃபங்ஷனுக்குள் வெக்டர் மாறி வந்தால் அதை எங்கே வைப்பது? ஜிசிசி, ஒவ்வொரு அழைப்பின்போதும் ஸ்டாக்கை 16 பைட் எல்லையில் தானே பேணிக்கொண்டு, தன்னை அழைப்பவர்களும் அப்படியே பேணுவார்கள் என்று எடுத்துக்கொண்டது. அந்த எதிர்பார்ப்பு எழுதிய ஒப்பந்தத்தில் இல்லை. பழைய கம்பைலரில் உருவான நூலகமோ, கையால் எழுதிய அசெம்பிளியோ அழைத்தபோது நிரல்கள் மூவாப்ஸில் விழுந்தன. நீண்ட சர்ச்சைக்குப் பிறகு நடைமுறையே ஆவணமாயிற்று. திருத்தப்பட்ட ஒப்பந்தத்தில் 16 இடம்பெற்றது. மைக்ரோசாஃப்டின் 32 பிட் கம்பைலர் 4 பைட் விதியைக் காப்பாற்றி, தேவைப்படும் ஃபங்ஷனில் மட்டும் ஸ்டாக்கைச் சரிசெய்தது. அதற்கும் விலை உண்டு: அலைன்மென்ட் கோரும் வகையை மதிப்பாக அனுப்ப எழுதினால் கம்பைலர் பிழை காட்டி மறுத்தது. 2006இல் இன்டெல்லுக்கு மாறிய ஆப்பிள், பழைய பைனரிகளின் சுமை இல்லாததால் முதல் நாளிலிருந்தே 16 என்று எழுதிவைத்தது. 2003இல் ஆப்டெரானோடு சந்தைக்கு வந்த 64 பிட் கட்டமைப்பின் ஒப்பந்தமும் அவ்வாறே செய்தது. மீட்டர் கேஜிலிருந்து அகலப்பாதைக்கு மாறிய ஊர்களுக்கு இது புரியும்: தண்டவாளத்தின் அகலம் எது என்பதைவிட, அதை நம்பி எத்தனை வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதே மாற்றத்தின் செலவை முடிவு செய்கிறது.

வன்பொருள் மட்டும் காரணமாக இருந்தால், ஒரே மாதிரிச் சில்லுகளுக்கு எழுதும் எல்லோரும் ஒரே அமைப்பில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். மூன்று உறுப்பு வெக்டரின் கதை அதற்கு நேர்மாறானது. முப்பரிமாணப் புள்ளி ஒன்றுக்கு மூன்று ஃப்ளோட், அதாவது 12 பைட், போதும். கிராஃபிக்ஸ் சில்லுகளுக்கான நிரல் தளங்களில் ஒன்றான என்விடியாவின் குடாவில், ஃப்ளோட்3 என்ற அந்த வகை சரியாக 12 பைட்; அலைன்மென்ட் 4. 2010இல் ஓபன்சிஎல் 1.1 மூன்று உறுப்பு வெக்டரை அறிமுகப்படுத்தியபோது அதன் நீளம், அலைன்மென்ட் இரண்டையும் 16 ஆக்கியது. 2009இல் ஓபன்ஜிஎல் 3.1 வகுத்த எஸ்டிடி140 விதிப்படி அலைன்மென்ட் 16, ஆனால் அடுத்து வரும் தனி ஃப்ளோட் நான்காவது இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். ஒரு புள்ளியும் ஓர் எடையும் கொண்ட ஸ்ட்ரக்டை எழுதினால் குடாவிலும் எஸ்டிடி140இலும் 16 பைட், ஓபன்சிஎல்லில் 32 பைட். பத்து லட்சம் புள்ளிகளை மட்டும் அடுக்கினால் ஓரிடத்தில் 12 மெகாபைட், மற்ற இரண்டிலும் 16 மெகாபைட். ஒரே கிராஃபிக்ஸ் சில்லு இந்த மூன்றையும் ஓட்டும். வேறுபாடு சில்லுவிடம் இல்லை. வகையை வகுத்தவர்கள் எதைக் காக்க நினைத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 2008இல் வந்த நெஹலம் ப்ராசஸரிலிருந்து, முகவரி சரியாக இருந்தால் மூவப்ஸும் மூவாப்ஸுக்கு நிகரான வேகம். 2011இல் வந்த ஏவிஎக்ஸ் கட்டளைத் தொகுப்பு, கணக்குக் கட்டளைகளின் நினைவக உறுப்புகளுக்கு அலைன்மென்ட் கட்டாயத்தையே பெரும்பாலும் நீக்கிவிட்டது. பின் எதற்கு இந்த வரலாறு? முதலாவதாக, வன்பொருள் மன்னித்தாலும் கம்பைலர் மன்னிக்காது. வகை 16 பைட் எல்லையை உறுதியளித்திருந்தால், அதை நம்பி மூவாப்ஸை இடுவதற்கும் முகவரியின் கடைசி பிட்டுகள் பூஜ்யம் என்று வைத்துச் சுருக்குவதற்கும் கம்பைலருக்கு உரிமை உண்டு. வாக்கு பொய்த்தால் இன்றைய ப்ராசஸரிலும் நிரல் விழும். இரண்டாவதாக, இன்டெல் ப்ராசஸர்களில் கேஷ் வரியின் நீளம் 64 பைட். ஏவிஎக்ஸ்-512 வெக்டரும் 64 பைட் என்பதால், எல்லை தவறிய ஒவ்வொரு முழு வாசிப்பும் இரண்டு வரிகளைத் தொட்டே தீரும். கட்டாயம் போனாலும் செலவு போகவில்லை. மூன்றாவதாக, ஒப்பந்தம் இன்னும் சிக்கலாகியிருக்கிறது. 32 பைட் வெக்டரை ஏவிஎக்ஸ் அனுமதித்துக் கம்பைல் செய்த கோப்பு ஒரு வழியிலும், அனுமதிக்காத கோப்பு வேறு வழியிலும் அனுப்பும்; ஜிசிசியே இதை எச்சரிக்கிறது. சி++ மொழியில் நினைவகம் ஒதுக்கும் நியூ, பெரிய அலைன்மென்ட் கொண்ட வகைக்குச் சரியான இடம் தருவதற்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெஹலம் வந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மொழித்தரம் இந்தக் கடனை அடைத்துக்கொண்டிருந்தது என்றால், சிக்கல் சில்லுவோடு தீரவில்லை என்றுதானே பொருள்?

எழுதி வைத்தால் மட்டும் போதுமா என்றும் கேட்கலாம். போதாது. 64 பிட் ஒப்பந்தம் 128 பிட் முழு எண்ணுக்கு 16 பைட் அலைன்மென்ட் என்று தெளிவாகச் சொன்னது. ஜிசிசி அப்படியே செய்தது. எல்எல்விஎம் என்ற மற்றொரு கம்பைலர் தொகுப்பு நெடுங்காலம் 8 என்று வைத்திருந்து, 2024இல் வெளியான 18ஆம் பதிப்பில்தான் திருத்திக்கொண்டது. ஆவணத்தோடு, இரண்டு கம்பைலர்களின் வெளியீட்டை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் சோதனையும் வேண்டும். ஆனால் இந்த நிகழ்வு ஆவணத்தின் மதிப்பைக் குறைக்கவில்லை. யார் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை முடிவு செய்ய உதவியது அந்த எழுத்துதான். 32 பிட் ஸ்டாக்கில் அப்படிச் சுட்டிக்காட்ட ஒரு வரி இல்லாததால்தான் சர்ச்சை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: ஒப்பந்தம் இவ்வளவு கெட்டியாக நிற்குமென்றால், நீளத்தையே சொல்லாமல் விட்டுவிடலாமே? ஆர்ம் நிறுவனம் 2016இல் அறிவித்த எஸ்விஇ வெக்டர் நீட்டிப்பு இதைத்தான் செய்தது. அதன் வெக்டரின் நீளம் 128 முதல் 2048 பிட் வரை சில்லுக்குச் சில்லு மாறலாம். ஆகவே சி மொழியில் அந்த வகைக்கு அளவு கிடையாது, ஸ்ட்ரக்டில் உறுப்பாக வைக்கவும் முடியாது. 2021இல் உறுதிசெய்யப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் வெக்டர் நீட்டிப்பும் இதே பாதைதான். கணக்கின் வடிவம் தரவின் வடிவத்தில் கசியாமல் தடுப்பதால் இதை முன்னேற்றமாகவே கருதுகிறேன். க்ரே-1 காலத்துப் பிரிவினை வேறு உருவில் திரும்பியிருக்கிறது. ஆனாலும் நிரலர்கள் அந்த வகையை ஸ்ட்ரக்டில் வைக்க விரும்பினார்கள். ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் கம்பைல் செய்யும்போதே நீளத்தை நிலைநிறுத்தும் தேர்வைத் தந்தன. ஃபுகாக்கு சூப்பர்கணினியின் ஏ64எஃப்எக்ஸ் சில்லுவுக்கு 512 என்று நிலைநிறுத்திய நிரல், அந்த நீளத்துக்கே கட்டுப்பட்டது. ஒப்பந்தத்தைத் தவிர்க்க முடியாது; அது எந்த இடத்தில் செய்யப்பட வேண்டும் என்பதைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

அந்த இடம் எது என்பதற்கு இந்த வரலாறே விடை தருகிறது. கோப்பிலும், நூலகத்தின் பொது ஸ்ட்ரக்டிலும், சில்லுகளுக்கிடையே போகும் தரவிலும் சாதாரண எண்களின் அணியே இருக்கட்டும். வெக்டர் வகை ஃபங்ஷனுக்குள் கணக்கு நடக்கும்போது மட்டும் தோன்றி மறையட்டும். ஆப்பிளின் மெட்டல் மொழி 16 பைட் ஃப்ளோட்3க்குப் பக்கத்தில் 12 பைட் பேக்டு ஃப்ளோட்3 என்று இரண்டு வகைகளை வைத்திருப்பது இந்தப் பிரிவினையை மொழிக்குள்ளேயே ஒப்புக்கொள்வதுதான். எல்லை தாண்டித்தான் ஆக வேண்டிய வெக்டருக்கு, சி11, சி++11 தந்த அலைன்மென்ட் குறிப்பை வகையின் வரையறையிலேயே எழுத வேண்டும். கம்பைல் செய்யும் கொடிகளைப் பொறுத்து அது மாறக்கூடாது. கம்பைலர் எழுதுபவர்களுக்கும் ஒரு கடமை உண்டு: அழைப்பவரிடம் எதிர்பார்க்கும் ஒவ்வொன்றையும், அதை நம்பி முதல் மூவாப்ஸை வெளியிடுவதற்கு முன்பே ஆவணத்தில் சேர்க்க வேண்டும். சில்லு வடிவமைப்பாளரால் தன் முடிவை அடுத்த தலைமுறையில் திருத்திக்கொள்ள முடியும். பைனரி ஒப்பந்தம் எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய முடிவை ஆயிரக்கணக்கான நிரல்கள் ஏற்கெனவே நம்பிவிட்டிருக்கும்.