நகத்தோரத் தோலை வெட்டுறது அவசியமா? நகப் பராமரிப்பில் எது தேவை, எது வேண்டாம்?

பார்லருக்கு மெனிக்யூர் செய்யப் போனால், நெயில் பாலிஷ் போடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை நடக்கும். கையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, நகம் முளைக்கும் இடத்தில் இருக்கும் மெல்லிய தோலை ஒரு குச்சியால் உள்ளே தள்ளுவாங்க. பிறகு சின்ன கட்டரால் அதை வெட்டி எடுப்பாங்க. நகம் பளிச்சுன்னு, கொஞ்சம் நீளமா தெரியும். இதையே வீட்டில் செய்துகொள்வதற்கான செட்டும் ஆன்லைனில் கிடைக்கிறது.

ஆனால், அந்தத் தோலை எடுக்க வேண்டிய அவசியம் இருக்கா? பார்க்கலாம்.

க்யூட்டிகிள்னா என்ன?

நகத்தின் அடிப்பகுதியில், நகத்தின் மேல் ஒட்டியபடி இருக்கும் மெல்லிய படலம்தான் க்யூட்டிகிள். இறந்த செல்களால் ஆனது என்பதால், 'வேண்டாத தோல்' என்று பலரும் நினைக்கிறோம். ஆனா, அதுக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கு. நகத்துக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அது அடைத்து வைக்கிறது. தண்ணீர்க் குழாயில் இருக்கும் வாஷர் மாதிரி. அது போய்விட்டால் தண்ணீர், சோப்பு, கிருமி எல்லாமே உள்ளே போக வழி கிடைத்துவிடும்.

அந்தத் தோல் மடிப்புக்குக் கீழேதான் நகம் உருவாகும் 'மேட்ரிக்ஸ்' இருக்கிறது. கட்டைவிரல் நகத்தில் வெள்ளையா அரைநிலா மாதிரி தெரியுதே, அது மேட்ரிக்ஸின் ஒரு பகுதி. அங்கே காயம் பட்டால், வளர்ந்து வரும் நகத்தில் பள்ளமோ கோடோ விழலாம். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ.தான் வளரும். முழு நகமும் புதுசா வளர கிட்டத்தட்ட 6 மாதம் ஆகும். கால் கட்டைவிரல் நகத்துக்கு 12 முதல் 18 மாதம் வரை ஆகலாம். ஒரு நிமிஷத்தில் ஏற்படும் காயத்தின் அடையாளம் பல மாதம் கூடவே இருக்கும்.

வெட்டினால் என்ன ஆகும்?

எல்லோருக்கும் பிரச்னை வரும்னு சொல்ல முடியாது. ஆனா, வந்தால் அதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கு: நகச்சுத்தி. நகத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, விண்விண்ணென்று வலிக்கும். சில நாளில் சீழ் கட்டும். இதற்குப் பெரும்பாலும் காரணம் 'ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்' என்ற பாக்டீரியா. நகம் கடிப்பது, நகத்தோரத்தில் உரிந்து நிற்கும் தோலைப் பிய்ப்பது, க்யூட்டிகிளை வெட்டுவது ஆகியவை அது உள்ளே நுழைய வழி செய்கின்றன.

6 வாரத்துக்கு மேல் நீடிக்கும் இன்னொரு வகையும் உண்டு. பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, சமையல் என்று நாள் முழுக்க ஈரத்தில் கை வைப்பவர்களுக்கு இது அதிகம் வரும். சோப்பும் தண்ணீரும் க்யூட்டிகிளை அரித்துவிடும். அந்த இடம் எப்போதும் ஈரமாகவே இருப்பதால் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும்.

எலுமிச்சம்பழம் சொருகலாமா?

நகச்சுத்தி வந்தால் விரலில் எலுமிச்சம்பழத்தைச் சொருகுவது நம்ம ஊர் வழக்கம். ஆனால் அது சீழை வெளியேற்றாது. தோல் கிழிந்திருந்தால் எரிச்சல்தான் கூடும். ஆரம்ப நிலையில், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாளைக்கு 3, 4 முறை, 10 முதல் 15 நிமிடம் விரலை வைத்து எடுத்து, நன்றாகத் துடைக்கலாம். சீழ் கட்டிவிட்டால் ஊசி, சேஃப்டி பின்னால் குத்தவே கூடாது. டாக்டரிடம்தான் போகணும்.

அப்போ எதுதான் அவசியம்?

க்யூட்டிகிளை வெட்டவும் வேண்டாம், உள்ளே தள்ளவும் வேண்டாம் என்பதுதான் அமெரிக்க தோல் மருத்துவ அகாடமியின் அறிவுரை. ஆனால், 'நகத்தைக் கண்டுக்கவே வேண்டாம்'னு இதுக்கு அர்த்தம் இல்லை. இதைச் செய்தால் போதும்:

* நகத்தைக் குட்டையா வெட்டுங்க. நக இடுக்கில் அழுக்கும் கிருமியும் தங்கும். மருத்துவப் பணியாளர்களின் நகம் விரல் நுனியைத் தாண்டி 0.5 செ.மீ.க்குள் இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல்.

* குளித்த பிறகு வெட்டினால் நகம் மெதுவாக இருக்கும், பிளக்காது. கால் நகத்தை நேராக வெட்டுங்க. ஓரத்தை வளைத்து உள்ளே வெட்டினால் நகம் சதைக்குள் வளரும்.

* உரிந்து நிற்கும் தோலை இழுக்காதீங்க, கடிக்காதீங்க. சுத்தமான நகவெட்டியால் அதை மட்டும் நறுக்கிடுங்க.

* கை கழுவினால் நகத்தோரம் வரை துடைங்க. ராத்திரி தூங்கும் முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் போதும். விலை உயர்ந்த க்யூட்டிகிள் ஆயில் கட்டாயம் இல்லை.

* பாத்திரம் கழுவும்போது ரப்பர் கையுறை போடுங்க. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை இருந்தால் வியர்வையால் ஈரம் தங்காது.

பார்லருக்குப் போகவே கூடாதா?

தாராளமா போகலாம். 'க்யூட்டிகிளை மட்டும் விட்டுடுங்க'ன்னு முதலிலேயே சொல்லிடுங்க. முடிந்தால் உங்க சொந்தக் கருவிகளைக் கொண்டு போங்க. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். ஒருவரின் ரத்தம் பட்ட கட்டரைச் சுத்திகரிக்காமல் அடுத்தவருக்குப் பயன்படுத்துவது ஆபத்து.

யாருக்குக் கூடுதல் கவனம்?

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு. இவர்களுக்குச் சின்னக் காயமும் ஆற நாளாகும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால், வெட்டுப்பட்டதே தெரியாமல் போகலாம். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவங்க கால் நகத்தை நீங்களே வெட்டி விடுங்க. அப்படியே பாதத்தையும் ஒருமுறை பார்த்துடுங்க. சிவப்பு மேலே பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்க.

மொத்தத்தில், நகம் வெட்டுறது சுத்தத்துக்கு. க்யூட்டிகிள் வெட்டுறது அழகுக்கு மட்டும்தான். அதை விட்டுவிட்டால் நகத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை.