செய்த்தா (கதைமாந்தர்)

செய்த்தா என்பது சப்பானிய எழுத்தாளர் அக்கியுக்கி நோசாக்கா (1930–2015) எழுதிய "மின்மினிகளின் கல்லறை" என்னும் சிறுகதையின் முதன்மைக் கதைமாந்தரின் பெயராகும். இக்கதை 1967 ஆம் ஆண்டு வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் கோபே நகரில் நடந்த குண்டுவீச்சில் உயிர் தப்பி, பின்னர்த் தன் தங்கையைப் பசிக்குப் பறிகொடுக்கும் 14 வயதுச் சிறுவனாக இவன் படைக்கப்பட்டுள்ளான். இசாவோ தக்காஹாட்டா இக்கதையை அசைவூட்டத் திரைப்படமாக இயக்கினார். ஸ்டூடியோ ஜிப்லியில் உருவான இப்படம் 1988 ஏப்ரல் 16 அன்று வெளியானது.

கதைச் சுருக்கம்

செய்த்தாவின் தந்தை கடற்படை அதிகாரி. 1945 சூன் மாதக் குண்டுவீச்சில் தாய் தீக்காயமுற்று இறக்கிறார். இச்செய்தியை 4 வயதுத் தங்கை செட்சுக்கோவிடம் கூறாமல் மறைக்கிறான் செய்த்தா. உறவுக்காரப் பெண்மணி ஒருவரின் வீட்டில் இருவரும் தஞ்சம் அடைகின்றனர். அவருடைய கடுஞ்சொற்களைப் பொறுக்காமல், கைவிடப்பட்ட பதுங்கு குழி ஒன்றில் தனியே குடியேறுகின்றனர். இரவில் ஒளிதர மின்மினிகளைப் பிடித்து வருகின்றனர்; காலையில் அவை இறந்து கிடக்க, செட்சுக்கோ அவற்றைப் புதைக்கிறாள். செய்த்தா வயல்களிலும் வீடுகளிலும் திருடியும் தங்கையின் பசியைத் தீர்க்க இயலவில்லை. சப்பான் சரணடைந்த பின்னர் அவள் ஊட்டக்குறைவால் இறக்கிறாள். தங்கையின் உடலைத் தானே எரியூட்டி, எலும்புத் துண்டுகளை மிட்டாய்த் தகரப்பெட்டியில் வைத்துக்கொள்கிறான். 1945 செப்டம்பர் 21 அன்று சன்னோமியா தொடருந்து நிலையத்தில் அவனும் இறக்கிறான்.

நோசாக்காவின் வாழ்வும் கதையும்

கோபே குண்டுவீச்சில் வீட்டை இழந்தபோது நோசாக்காவிற்கும் வயது 14. அவருடைய வளர்ப்புத் தங்கை அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் ஃபுக்குயி பகுதியில் ஊட்டக்குறைவால் இறந்தாள். அவளுக்கு அப்போது 2 வயது கூட நிறைவடையவில்லை. அவளுக்கு உரிய உணவைத் தாமே உண்டதையும், அழுகையை நிறுத்த அவளை அடித்ததையும் நோசாக்கா பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். செய்த்தாவோ கிடைத்ததைத் தங்கைக்கே கொடுக்க முயல்பவன். தாம் இருந்திருக்க வேண்டிய அண்ணனை நோசாக்கா கதையில் படைத்தார் எனலாம். நோசாக்கா உயிர் பிழைத்தார், செய்த்தா பிழைக்கவில்லை. இக்கதைக்காகவும் வேறொரு கதைக்காகவும் அவருக்கு நவோக்கி பரிசு வழங்கப்பட்டது.

திரைப்படத்தில்

தக்காஹாட்டாவும் (1935–2018) தம் 9 ஆம் வயதில் ஒக்காயாமா நகரக் குண்டுவீச்சில் உயிர் தப்பியவர். படத்தில் இறந்த செய்த்தாவின் ஆவியே கடந்த நாட்களைத் திரும்பிப் பார்க்கிறது. இது வெறும் போர் எதிர்ப்புப் படம் அன்று என்று தக்காஹாட்டா கூறிவந்தார். சமூகத்திலிருந்து விலகி இருவர் மட்டும் வாழ முயன்று தோற்றதையே படம் காட்டுகிறது என்பது அவர் கருத்து. எனவே தங்கையின் இறப்பிற்குப் போர் காரணமா, உறவினரின் இரக்கமின்மை காரணமா, அண்ணனின் தன்மானம் காரணமா என்னும் கேள்விக்குப் படம் ஒற்றை விடை தருவதில்லை.

பிற வடிவங்கள்

இக்கதை 2005 ஆம் ஆண்டு தொலைக்காட்சி நாடகமாகவும், 2008 ஆம் ஆண்டு நடிகர்கள் நடித்த திரைப்படமாகவும் எடுக்கப்பட்டது.