ஆச்சி ஃபோல்டரும் மூணு எழுத்து ப்ரோக்ராமும்

இன்னைக்கு எபிசோட் ஒரு பழைய லேப்டாப்ல இருந்து ஆரம்பிக்குது.

ஆலங்குளத்துல எங்க வீட்டு பீரோ மேல கிடந்த லேப்டாப் அது. அக்கா ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தோட ஆரம்ப கால மெஷின். விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் இருக்கும். சென்னை சி-டாக்ல உருவான, டெபியனை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் அது. பத்து வருஷத்துக்கு மேல உழைச்ச மெஷின், குறை சொல்ல முடியாது.

ஆச்சி தவறின பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. ஊருக்கு சிமெண்ட் ஆலை வந்த கதையை ஆச்சி சொல்லச் சொல்ல, அக்கா ரெக்கார்ட் பண்ணி அதுலதான் வச்சிருந்தா. வேற எங்கேயும் காப்பி இல்லை.

ஆன் பண்ணினா ஹார்ட் டிஸ்க்ல டக் டக்னு சத்தம். ஃபோல்டரைத் திறந்தா அப்படியே நின்னுடுச்சு. காரணம் இதுதான்: சாதாரண ஃபைல் மேனேஜர் ஒவ்வொரு போட்டோவையும் திறந்து படிச்சு, குட்டிப் படம் வரைஞ்சு காட்டப் பார்க்கும். டிஸ்க் கடைசி மூச்சு விடுற நேரத்துல அப்படிப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் ரிஸ்க்தான்.

பென்டிரைவ்ல இருந்த லினக்ஸை பூட் பண்ணினேன். டெஸ்க்டாப் வேண்டாம், வெறும் கறுப்புத் திரை போதும். பழைய டிஸ்க்கை எழுத முடியாதபடி, படிக்க மட்டும் மவுண்ட் பண்ணிட்டு மூணு எழுத்து தட்டினேன்: என்என்என். கண் சிமிட்டுறதுக்குள்ள லிஸ்ட் வந்துடுச்சு.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னாடி போவோம்.

1974 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஸ்டான் குகெல் என்பவர் 'டயர்எட்' என்ற ப்ரோக்ராமை எழுதினார். ஃபைல் பட்டியலைத் திரையில் காட்டி, அதிலேயே வேலை பார்க்க வைத்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று அது. 1986-ல் ஜான் சோச்சா எழுதிய 'நார்ட்டன் கமாண்டர்' டாஸ் மெஷின்களுக்கு வந்தது. இடப்பக்கம் ஒரு ஃபோல்டர், வலப்பக்கம் ஒரு ஃபோல்டர். எஃப்5 அழுத்தினால் காப்பி, எஃப்8 அழுத்தினால் டெலீட். டாஸ் ப்ரோக்ராம்களுக்குக் கிடைத்த 640 கேபி மெமரிக்குள் இதெல்லாம் நடந்தது. 1994-ல் மெக்சிகோவைச் சேர்ந்த மிகுவேல் டி இகாசா அதே பாணியில் 'மிட்நைட் கமாண்டரை' எழுதினார். அதே எஃப்5, அதே எஃப்8, இன்னைக்கு வரைக்கும்.

நான் தட்டின என்என்என்-ஐ எழுதினவர் நம்ம நாட்டு டெவலப்பர் அருண் பிரகாஷ் ஜனா. 'நாய்ஸ்'னு ஒரு குட்டி ப்ரோக்ராமை எடுத்து, சி மொழியில வளர்த்தார். அது ஓட சில எம்பி ராம் போதும். தனியா கான்ஃபிக் ஃபைல்கூட கிடையாது. ஃபைலுக்குள்ள நுழையாது, பெயர், அளவு, தேதி, அவ்வளவுதான் கேட்கும்.

2023-ல் வந்த 'யாசி' வேற ரூட். சீன மொழியில் வாத்துனு அர்த்தம். ரஸ்ட் மொழியில் எழுதினது. படமெல்லாம் காட்டும், ஆனா நம்மளைக் காக்க வைக்காது. நல்ல டீ மாஸ்டர் பால் பொங்குற வரைக்கும் சும்மா நிக்க மாட்டார்ல? அதுக்குள்ள அடுத்த ரெண்டு பேர்கிட்ட ஆர்டர் கேட்டுடுவார். யாசியும் டிஸ்க் பதில் சொல்ற வரைக்கும் மத்த வேலையைப் பார்க்கும்.

ஆக, ஒண்ணு குறைவா கேட்டு வேகமாகுது. இன்னொண்ணு காத்திருக்காம வேகமாகுது. சாகப் போற டிஸ்க்குக்கு எனக்கு முதல் வகைதான் தேவைப்பட்டுச்சு.

ஆனா லிஸ்ட் வந்ததும் இன்னொரு சிக்கல். அக்கா எல்லா ஃபோல்டருக்கும் தமிழ்ல பேர் வச்சிருந்தா. திரையில எல்லாம் கட்டம் கட்டமா தெரியுது. லினக்ஸ் கன்சோல் ஃபான்ட்ல அதிகபட்சம் 512 வடிவங்கள்தான் இடம்பெற முடியும். அதுல தமிழ் இல்லை. எந்தக் கட்டம் ஆச்சி?

அக்காவுக்கு போன் போட்டேன்.

"எப்போக்கா ரெக்கார்ட் பண்ணே?"

"2016 பொங்கலுக்குடா. ஊருக்கு வந்திருந்தப்போ."

தேதி வாரியா வரிசைப்படுத்தினேன். 2016 ஜனவரியில ஒரே ஒரு ஃபோல்டர். பென்டிரைவ்ல ஒதுக்கி வச்சிருந்த இடத்துக்கு அதை மட்டும் காப்பி பண்ணினேன். பதினோரு ஃபைல், ஒண்ணுகூட போகலை.

ஐம்பது வருஷமா இந்த ப்ரோக்ராம்களை எழுதினவங்க ஒவ்வொரு மில்லிசெகண்டையும் எண்ணியிருக்காங்க. அதனாலதான் ஆச்சி குரல் தப்பிச்சது. ஆனா அந்தக் கறுப்புத் திரைக்கு ஆச்சினு எழுதினா இன்னும் வாசிக்கத் தெரியலை. இதைக் கேட்டுட்டு இருக்கிறவங்கள்ல ஓபன் சோர்ஸ் ஆளுங்க இருந்தா, அங்க நமக்கு வேலை பாக்கி இருக்கு.

மத்தவங்க இந்த வாரம் ஊருக்குப் போனா, பீரோ மேல இருக்கிற லேப்டாப்பை இறக்குங்க. டக் டக் சத்தம் வர்றதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்துடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.